மூணு ஜோடி செருப்பு

அண்ணா, ஒரு விடுகதை போடட்டுமா? சத்தமாக இருக்கும்போது வீட்டில் இருக்கும். மெதுவாகப் பேச ஆரம்பித்தால் காணாமல் போய்விடும். அது என்ன?

யோசியுங்கள், அவசரமில்லை. உங்கள் வழக்கு மத்தியானத்துக்கு மேல்தான் என்று நீங்களே சொன்னீர்கள். எனக்கும் இப்போது யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் தேவலை. பேச்சை நிறுத்தினால் அந்தப் பச்சைக் கதவைப் பார்க்கத் தோன்றுகிறது.

குக்கர் இல்லை. நானும் முதலில் குக்கர் என்றுதான் சொன்னேன். மிக்ஸியும் இல்லை. ரயில் என்றதும், "கிட்ட வந்துட்டீங்க, ஆனா இல்லை" என்றாள். என் மகள் தாமிரா போட்ட விடுகதை இது. எட்டு வயது. விடையைக் கேட்டால் சொல்லவில்லை. "உங்களுக்கே தெரியாட்டி வேற யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. சரி, அதை விடுங்கள்.

அந்தப் பச்சைக் கதவுக்கு உள்ளே இப்போது அவள்தான் இருக்கிறாள். நீதிபதி அம்மா, கவுன்சிலர் மேடம், அவள். வேறு யாரும் கிடையாது. அப்பா கூடாது, அம்மா கூடாது, வக்கீல் கூடாது. பக்கத்தில் உட்காரவைத்து, பள்ளிக்கூடம் எப்படி, தோழி யார் என்றெல்லாம் பேச்சுக் கொடுத்துவிட்டு, கடைசியில் கேட்பார்களாம். பாப்பா, நீ யார்கூட இருக்க ஆசைப்படறே என்று. அவள் என்ன சொல்கிறாளோ அதற்குத்தான் முக்கியமான மதிப்பு என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். எட்டு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்து இனிமேல் நான் அப்பாவா, சனிக்கிழமை வந்துபோகிற விருந்தாளியா என்று முடிவாகும்.

பத்தாயிரம் பேர் முன்னால் மேடையேறியிருக்கிறேன் அண்ணா. ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. இங்கே அந்த டவாலி வாசலில் வந்து நின்று பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தாலே எழுந்து நின்றுவிடுகிறேன். யார் பெயரோ வரும். ஆனாலும் உயிர் ஒருமுறை போய்த் திரும்புகிறது.

அதோ, கோடியில், தூணுக்குப் பக்கத்தில் நீலப் புடவை. அதுதான் என் மனைவி மேகலா. அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், பார்ப்பது தெரிந்துவிடும். பஞ்சாலைகளுக்கு நூல் பரிசோதனை செய்து கொடுக்கிற ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. நல்லவள்தான். கெட்டவள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் என் பிள்ளையின் மனத்தில் ஏதோ போட்டுவைத்திருக்கிறாள். அது என்ன என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

என் பெயர் மருதாசலம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து 'வார்ப்பு' என்று ஒரு இசைக்குழு நடத்தினோம். ஹெவி மெட்டல். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, என் மாமனாரும் கேள்விப்பட்டதில்லை. மெட்டல் என்றதும் மாப்பிள்ளைக்கு இரும்பு வார்க்கிற பவுண்டரி தொழில் என்று நினைத்துக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிட்டார். பாதி சரிதான். டிரம்ஸ் வாசிக்கிற சம்பத்துக்குக் கணபதி ஏரியாவில் அவன் அப்பாவின் பவுண்டரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அணைந்திருக்கும், அங்கேதான் எங்களுக்குப் பயிற்சி. அந்த வட்டாரத்தில் சத்தம் என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்த இசை எப்படி இருக்கும் என்றால், எலெக்ட்ரிக் கிட்டாரை உறுமவிட்டு, டிரம்ஸை இடி மாதிரி இறக்கி, அதன் மேல் ஒருத்தன் பூதம் மாதிரி கர்ஜிப்பான். அந்த ஒருத்தன் நான். கத்துவது சுலபம் என்று நினைக்காதீர்கள். தொண்டையால் கத்தினால் ஒரே கச்சேரியில் குரல் போய்விடும். அடிவயிற்றிலிருந்து காற்றை ஏற்றி, தொண்டையைத் திறந்துவைத்து, உள்ளே அதிரவிட வேண்டும். தினமும் பழக வேண்டும். நான் சமையலறையில் நின்று பழகுவேன். டைல்ஸ் சுவர், நன்றாகத் திருப்பிக் கொடுக்கும். புதுக்குடித்தனம் வந்த சமயம் கீழ்வீட்டு அக்கா எலுமிச்சம்பழத்தோடு ஏறி வந்துவிட்டார். யாருக்கோ பித்தம், வாந்தி எடுக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

இதில் குழந்தை எப்படி வளர்ந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் என் பயமே இருக்கிறது. தொட்டிலில் கிடந்த காலத்தில் நான் கர்ஜித்தால் தூங்குவாள். நிறுத்தினால் எழுந்து அழுவாள். கொஞ்சம் பெரியவளானதும் அதற்குப் 'பூதப் பாட்டு' என்று பெயர் வைத்தாள். கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். நான் தண்ணீர் குடிக்க ஒரு நிமிஷம் நிறுத்தினால் உடனே குரல் வரும், "அப்பா, பூதம் நின்னுடுச்சு. எங்கே இருக்கீங்க?" என்று. சமையலறையில்தான் இருக்கிறேன் என்று நான் மறுபடி ஆரம்பித்த பிறகுதான் பென்சிலை எடுப்பாள். பாவம், பயத்திலேயே பழகிப்போய்விட்டது பிள்ளை. அப்போது எனக்குப் புரியவில்லை. மேகலாவின் வக்கீல் மனுவில் போட்டிருந்தார், கணவர் வீட்டுக்குள் மிருகம்போல் உறுமுவார், குழந்தையின் மனநிலை பாதிக்கப்படுகிறது என்று. படித்ததும் எனக்குக் குலை நடுங்கிவிட்டது. இதை நீதிபதி கேட்டால், தாமிரா ஆமாம் என்று தலையாட்டினால், முடிந்தது கதை.

அதனால்தான் அன்றோடு கர்ஜனையை விட்டேன். பயிற்சி ஒரு நாள்கூட இல்லை. என்னிடம் இப்போது இருப்பது ஒரே ஒரு பாட்டு.

இந்தப் பெட்டி உங்கள் காலில் இடிக்கிறதா? கொஞ்சம் இப்படி நகர்த்துகிறேன். சாதாரண மரக் கிட்டார்தான். இதுதான் அந்தப் பாட்டை உண்டாக்கிய கிட்டார்.

எங்கள் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன் டெரிக். போத்தனூர் ரயில்வே காலனிப் பையன், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவன் அப்பா ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் பாடுகிற மாதிரி ஒரு வகை உண்டு, கன்ட்ரி என்பார்கள். அந்தக் காலனியில் கிறிஸ்துமஸ் வந்தால் எல்லா வீட்டிலும் அதுதான். கம்பிகளை விரலால் கிள்ளிக் கிள்ளி வாசிப்பார் அவர். ரயில் தண்டவாளத்தில் போகிற தாளம் அப்படியே வரும். அவருக்கு ஒரு பழக்கம். டூட்டிக்குப் பெட்டியைத் தூக்குமுன் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டு வாசித்துவிட்டுத்தான் கிளம்புவார். வாசிக்காமல் ஏறிய ஒருநாள் வண்டி வாளையாறு தாண்டி நடுக்காட்டில் நின்றுவிட்டதாம். அதிலிருந்து தவறவிட்டதே இல்லை. எங்கள் குழுவில் எல்லோருக்கும் அது ஒட்டிக்கொண்டது. வெளியூர்க் கச்சேரி என்றால் வீட்டில் ஒரு பாட்டு பாடிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவோம்.

அந்தப் பாட்டுக்கு வருகிறேன். ஷில்லாங்கில் ஒரு பெரிய விழா. லாட்ஜில் இருக்கிறோம். மேகலா போன் செய்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று. அடுத்த நாள் எங்கள் மேடை. எப்படி வருவது, நீங்களே சொல்லுங்கள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டெரிக் சும்மா அவன் அப்பா மாதிரி கிள்ளி வாசித்துக்கொண்டிருந்தான். எனக்கு வார்த்தை வந்தது. கர்ஜிக்காமல், சாதாரணக் குரலில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி.

வாசல்ல மூணு ஜோடி செருப்பு,
ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு, ஒண்ணு இத்துனூண்டு.
எந்த ஊரு மண்ணு ஒட்டினாலும்
என் ஜோடி அங்கேதான் வந்து நிக்கும்.

அவ்வளவுதான் பல்லவி. மறுநாள் மேடையில், நடுவில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு இதைப் பாடினேன். கறுப்புச் சட்டையும் கழுத்துச் சங்கிலியுமாக நிற்கிற தடித்தடிப் பையன்கள், பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். யாரோ படம் பிடித்துப் போட, அது எங்கெங்கோ போய்விட்டது. அதன் பிறகு எங்கள் மற்ற பாட்டுகளை யாரும் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். அபார்ட்மெண்ட் சங்கங்கள் கூப்பிட்டன. ஐ.டி. கம்பெனிகளில் குடும்ப தினம் என்று ஒன்று கொண்டாடுவார்கள், தெரியுமா? எல்லோரும் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துவருவார்கள். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு ஊரில் ஏதாவது ஒரு கம்பெனியில் குடும்ப தினம் இருக்கும். அத்தனைக்கும் போனேன். எதற்காக? என் குடும்பத்துக்காகத்தான்.

வீட்டில் இருக்கிற நாளில் அந்தப் பாட்டைத் தொடவே மாட்டேன். மேடை மேடையாகப் பாடி அலுத்துப்போயிருக்கும். வீட்டில் கர்ஜனைப் பயிற்சிதான். ஆனால் கிளம்புகிற அன்றைக்கு, பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, தாமிராவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாடுவேன். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் அதை மட்டும் விட்டதில்லை. மனுவுக்குப் பதில் எழுதும்போது வக்கீலிடம் இதைத்தான் அழுத்திச் சொன்னேன். எந்த அப்பா இப்படிச் செய்வான், சொல்லுங்கள்.

அந்தப் பாட்டு என்றால் அவளுக்கு உயிர். மூணு வயதில் கிட்டார்ப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள், பாட்டு முடிந்தும் கிட்டாரை உள்ளே வைக்கவிடாமல். அஞ்சு வயதில், கம்பியில் மாட்டுகிற சின்ன கிளிப் ஒன்று உண்டு, அதைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டாள். முடித்தால் "இன்னொரு தடவை" என்பாள். மறுபடி முடித்தால் மறுபடி "இன்னொரு தடவை". திரும்பத் திரும்பப் பாடி ஒருமுறை ரயிலையே விட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் குதித்த குதி இருக்கிறதே, பாட்டு அத்தனை பிடித்திருக்கிறது என்று எனக்குப் பெருமை. நான் பாடும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். ஷில்லாங்கில் அழுதார்கள் என்கிறேன், என் பாட்டுக்கு அவளைப் போல் அழுதவர்கள் யாருமில்லை.

மேகலா ஒருமுறை கேட்டாள். "அந்தப் பாட்டைப் பாடாமத்தான் ஒரு தடவை கிளம்புங்களேன்" என்றாள். வண்டி நடுவழியில் நின்றுபோகட்டும் என்கிறாயா என்றேன். "குழந்தை ஏங்கிப்போகுது" என்றாள். அது நியாயமாகப் பட்டது. நான் இல்லாதபோதும் கேட்டுக்கொள்ளட்டும் என்று பாட்டை நன்றாகப் பதிவுசெய்து மேகலாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் போனில் பாட்டு இல்லை. கேட்டால் மேகலா என்ன சொன்னாள் தெரியுமா? தாமிராதான் அழிக்கச் சொன்னாளாம். நம்புவீர்களா? அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கிற ஒன்றை அழிக்கிற அளவுக்குப் போய்விட்டாள் என்று.

அதற்கு அடுத்த ஆடியில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சிங்காநல்லூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் ஊரில் இருந்தால்தானே நான் சண்டை போட, ஆள் இல்லாத வீட்டில் நான் யாரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று போனில் கேட்டாள். சரி, அந்தக் குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். வாயால் இல்லை, செய்து காட்டிவிட்டேன். வெளியூர் கச்சேரிகளை அடியோடு விட்டேன். குழுவே கலைந்துவிட்டது. இப்போது சம்பத்தின் பவுண்டரியில் காலையில் போனால் சாயங்காலம் வீடு. இந்த ஊரைத் தாண்டிப் பல மாதம் ஆகிறது. இனிமேலும் தாண்டுவதாக இல்லை. மனுவில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பள்ளி நாட்களில் குழந்தை என்னோடு இருக்கட்டும், விடுமுறையில் அம்மாவோடு என்று கேட்டிருக்கிறேன். பேராசையா அண்ணா?

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி. உள்ளே போய் ரொம்ப நேரமாகிவிட்டது. இவ்வளவு நேரம் என்ன கேட்பார்கள்? நீளமாகப் போனால் நல்லதா, கெட்டதா? உங்களுக்குத் தெரியுமா?

போன மாதம் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமைகளில் இங்கேயே மாடியில் குழந்தைகள் அறையில் அவளைப் பார்க்க விடுவார்கள். கவுன்சிலர் மேடம் மூலையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் படம் வரைந்துகொண்டிருந்தோம். டியூப்லைட்டிலிருந்து ஒரு பல்லி பொத்தென்று அவள் தாள்மேல் விழுந்தது. அவள் வீறிட்டாள். நான் யோசிக்கவே இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு கர்ஜனை, அந்தப் பல்லியைப் பார்த்து. பல்லி எங்கே போனதென்று தெரியவில்லை. அறையே அதிர்ந்தது. மேடம் பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

தாமிரா சிரித்தாள் அண்ணா. விழுந்து விழுந்து சிரித்தாள். என் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பூதம் இருக்கு. இன்னும் உள்ளயேதான் இருக்கு" என்றாள். "இன்னொரு தடவை பண்ணுங்கப்பா."

எனக்கோ உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. மேடம் எங்களையே பார்க்கிறார். மனுவில் எழுதியிருப்பதை நானே நடித்துக் காட்டிவிட்டேனே. உடனே சுதாரித்துக்கொண்டு, மேடத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன், "அதெல்லாம் அப்பா விட்டுட்டேன் அம்மிணி. இனிமே மெதுவாத்தான் பேசுவேன்."

"இனிமேன்னா, எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். மடியிலிருந்து இறங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, படத்துக்கு ஒழுங்காக வர்ணம் தீட்டினாள். அன்றைக்கு முழுக்க அமைதி. நல்ல பிள்ளை, சொன்னால் புரிந்துகொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த வாரமும் அதிகம் பேச்சில்லை. போன வாரம்தான் அந்த விடுகதையைப் போட்டாள்.

இன்றைக்குக் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே அழைத்துப் போவதற்கு முன் கொஞ்ச நேரம் அதே குழந்தைகள் அறையில் என்னோடு இருக்க விட்டார்கள். முதலில் அம்மாவோடு, அப்புறம் என்னோடு. வக்கீல் முன்கூட்டியே கேட்டு கிட்டாருக்கு அனுமதி வாங்கியிருந்தார். அவருக்கு அந்தப் பாட்டின் மேல் பெரிய நம்பிக்கை. முதல்முறை கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். குடும்பத்தைப் பற்றி இப்படிப் பாடுகிறவன் குடும்பத்தை விடுவானா என்று சொல்லி, பாட்டு வரிகளைப் பதில் மனுவோடு இணைத்தே கொடுத்திருக்கிறார்.

தாமிரா உள்ளே வந்தபோது முகம் நன்றாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வந்து என்னை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பல் விழுந்த இடத்தைக் காட்டினாள். பள்ளியில் ஒரு பையன் சாக்பீஸைத் தின்றுவிட்டதைச் சொன்னாள். அவள் பேசப் பேச எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. நேரம் போகிறது, எப்படியாவது என் மனசை அவளுக்குக் காட்டிவிட வேண்டும், அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும் என்று தவிப்பு. வேறு என்ன இருக்கிறது என்னிடம்? பெட்டியைத் திறந்தேன்.

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "பாடப் போறீங்களா?"

"ஆமா அம்மிணி."

"அந்தப் பாட்டா?"

"நம்ம பாட்டுதான்."

என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "பூதப் பாட்டு பாடுங்களேன்" என்றாள். கோர்ட்டில் போய்ப் பூதப் பாட்டா என்று சிரித்துவிட்டேன். சின்னக் குரலில், மறுபடி கேட்டாள், "கொஞ்சூண்டு?" மாட்டேன் என்றேன். பயத்தில் கேட்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். பழக்கிவிட்டது நான்தானே.

பாடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக அந்தப் பாட்டைப் பாடியதில்லை அண்ணா. குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. கவுன்சிலர் மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாமிரா எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, நேராக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. முடிந்ததும் நான் காத்திருந்தேன், இன்னொரு தடவை என்பாள் என்று. சொல்லவில்லை. "நல்லாப் பாடினீங்கப்பா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. கிட்டாரை என் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பூட்டுகளை ஒவ்வொன்றாக அவளே அழுத்தி மூடினாள். "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றாள். நான் இங்கே வராந்தாவில்தானே இருக்கப் போகிறேன், அதற்கு இவ்வளவு மரியாதையா என்று கன்னத்தைத் தட்டிக் கொடுத்தேன்.

எனக்கு ஏனோ அதிலிருந்து பயம் கூடிவிட்டது. அழுதிருந்தால் தைரியமாக இருந்திருக்கும். இல்லை, வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். பாட்டு உள்ளே போயிருக்கும். போகாமல் எங்கே போகும்? உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது? நீங்கள் பேசாமல் இருந்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

கதவு திறக்கிறது. டவாலி வருகிறார். என் பெயர்தான். மருதாசலம் என்று கூப்பிட்டாரா? மேகலா எழுந்துவிட்டாள். பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா, வந்துவிடுகிறேன்.

வந்துவிட்டேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், இப்படி ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

நீதிபதி அம்மா கோபமாக இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்க எங்கேயாவது வெளியூர் கிளம்பறீங்களா?" என்று கேட்டார்.

இல்லீங்க அம்மா என்றேன்.

"இந்த ஊரை விட்டுப் போறதில்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. ஆனா குழந்தை, அப்பா இன்னைக்குக் கிளம்பறாங்க, எப்ப வருவாங்கன்னு தெரியாதுன்னு சொல்றா."

டிக்கெட் இல்லை, பை இல்லை, கச்சேரி இல்லை, பவுண்டரியில் கேட்டுப் பாருங்கள் என்று என்னென்னவோ சொன்னேன். யார் சொன்னார்கள் உனக்கு என்று அவளிடம் அவர்களும் கேட்டார்களாம். யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரியும் என்றாளாம். கவுன்சிலர் மேடம் ஏதோ சொல்ல வந்தமாதிரி என்னைப் பார்த்தார், அப்புறம் கீழே பார்த்துக்கொண்டார். எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படித் தானாகத் தெரியும் அண்ணா? நான் சொன்னேனே, மனத்தில் ஏதோ போட்டுவைத்திருக்கிறாள் என்று. இதுதான் அது. அங்கேயே மேகலாவைப் பார்த்துக் கேட்டேன், பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுத்தே என்று. அவள் அழுதுகொண்டிருந்தாள். ஜெயித்தவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

உத்தரவு அடுத்த வாரம். யார்கூட இருக்கிறாய் என்று நீதிபதி அம்மா கேட்டிருக்கிறார். அம்மாகூட என்று தாமிரா சொல்லியிருக்கிறாள்.